பொறுங்க சாரும் ஆறு நிமிடமும்

எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இன்னோர் ஆளுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. முதல் ஆள் நான். இரண்டாவது ஆளைப் பற்றித்தான் இப்போது சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. மற்றபடி எட்டுப் பேர் வேலை செய்கிற எங்கள் கம்பெனியில் அவர் பொறுங்க சார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருகிற வார்த்தை அதுதான். சாப்பிடப் போகலாமா என்றால் பொறுங்க. மழை வருகிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்றால் பொறுங்க. ஒரு நாள் கீழே இருக்கும் சலவைக்கடையிலிருந்து புகை கிளம்பி எங்கள் மாடிக்கு வந்தது. நாங்கள் ஏழு பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினோம். அவர் பொறுங்க என்று சொல்லிவிட்டு, செய்த வேலையைச் சேமித்து, கணினியை முறையாக அணைத்து, ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு ஆற அமர வந்து சேர்ந்தார். கடைசியில் பார்த்தால் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு போர்வை கருகியிருந்தது, அவ்வளவுதான். செருப்புகூட இல்லாமல் தெருவில் நின்ற எங்களைப் பார்த்து, பதறாத காரியம் சிதறாது என்று அவர் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல்.

நாங்கள் செய்வது காது பார்க்கிற கருவி. பிறந்து ஓரிரு நாளான குழந்தையின் காதில் மெத்தென்ற ஒரு சிறு முனையை வைப்போம். அது உள்ளே டிக் டிக் என்று மெல்லிய ஒலியை அனுப்பும். நல்ல காதாக இருந்தால் அந்த ஒலிக்குப் பதிலாகத் தானும் ஒரு முணுமுணுப்பை வெளியே விடும். கேட்டால் கதை விடுகிறாள் என்பீர்கள், ஆனால் காது அப்படித்தான். அந்த முணுமுணுப்பை முனைக்குள் இருக்கும் மைக் பிடித்து, யூஎஸ்பி ஒயர் வழியாகக் கணினிக்கு அனுப்பும். கணினி கூட்டிக் கழித்துப் பார்த்து, 'பதில் உண்டு' என்று பச்சையிலோ 'பதில் இல்லை' என்று சிவப்பிலோ சொல்லும்.

கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை, அதாவது போர்டு, என் கைவேலை. கருவி பேசுவது கணினிக்குப் புரிய வேண்டுமானால் நடுவில் ஒரு டிரைவர் வேண்டும். வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை. கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு, என்ன வைத்திருக்கிறாய், கொடு, சரி, அடுத்தது கொடு என்று கருவியிடம் கேட்டு வாங்குகிற நிரல் அது. அதை எழுதியவர் பொறுங்க சார். ஒன்பது வருஷமாக அதில் வேறு யாரும் கை வைத்ததில்லை.

அவர் எங்களிடம் வந்ததற்குக் காரணம் அவருடைய மகள். அதற்கு முன் அவர் பிரிண்டர் செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் சௌகரியமாக இருந்தார். மகள் பிறந்தபோது அந்த ஆஸ்பத்திரியில் குழந்தையின் தலைமாட்டில் நின்று கையைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். குழந்தை திரும்பியது. காது நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தட்டிய கையின் காற்று கன்னத்தில் பட்டுத்தான் அது திரும்பியிருக்கிறது என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை பேச்சு வரவில்லை. நாக்குத் தடிப்பு, தானாக வரும், பொறுங்கள் என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு காதுமே கேட்கவில்லை என்று தெரிந்த அன்று அவர் மனைவி அழுதாராம். இவர் போய் வேலையை விட்டுவிட்டு வந்தாராம்.

இன்டர்வியூவில் எங்கள் முதலாளி, பெரிய இடத்தை விட்டு இந்த எலி வளைக்கு எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டார். இவர் வழக்கம்போல் பொறுங்க என்று சொல்லி இரண்டு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, பிறகு இந்தக் கதையைச் சொன்னார். முதலாளிக்கு விளம்பரம் பார்த்தாலே கண் கலங்கும். அன்றே சேர்த்துக்கொண்டார்.

அந்த மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. இரண்டு காதிலும் ஊதா நிறத்தில் காது கேட்கும் கருவி. வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்குப் பெயர் ரேடியோ. விட்ட மூன்று வருஷத்தையும் சேர்த்துப் பேசுகிறாள் என்று அவள் அம்மா சொல்வார். என்னை அத்தை என்று கூப்பிடுவாள். எனக்கு ஈடுகொடுத்துப் பேச இந்த உலகத்தில் இருக்கும் ஒரே ஆள் அவள்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. நிரலில் எதை மாற்றினாலும் வெளியே அனுப்புவதற்கு முன் இரண்டு பேருடைய காதில் வைத்துப் பார்ப்போம். முதலில் நான். எனக்குப் பாம்புச் செவி, சலவைக்கடைக்காரர் தும்மினால் மாடியிலிருந்து எனக்குக் கேட்கும். பச்சை வர வேண்டும். அடுத்து ரேடியோ. அவள் தன் கருவிகளைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ராணி மாதிரி நாற்காலியில் உட்காருவாள். சிவப்பு வர வேண்டும். வந்ததும் எட்டுப் பேரும் கை தட்டுவோம், முதலாளி ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். "உலகத்துலயே நான் ஃபெயிலானா எல்லாரும் கை தட்டற ஒரே பரீட்சை இதுதான் அத்தை" என்பாள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று ஐந்து கருவிகளை எடுத்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. மூன்றாவது வாரம், அங்கே குழந்தைகளுக்குக் காது பார்க்கிற நர்ஸ் எங்கள் படியேறி வந்தார். துணிப்பையிலிருந்து கருவியை எடுத்து முதலாளியின் மேஜைமேல் டொக்கென்று வைத்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. ஒரு காதுக்கு ஆறு நிமிடம் ஆகிறது. குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கும்போதுதான் பார்க்க முடியும். ஒரு காது முடிந்து மறு பக்கம் திருப்பினால் முழித்துக்கொள்கிறது. அழுகிற குழந்தையின் காதில் எதைப் பார்ப்பது? முப்பது குழந்தைக்கு உட்கார்ந்தால் பதினொன்றுதான் முடிகிறது. மீதிப் பேர் பிறகு வருகிறோம் என்று வீட்டுக்குப் போகிறார்கள். போனவர்கள் போனவர்கள்தான். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சொன்னார். "ஒரு நிமிஷத்துல முடியற மாதிரி கொடுங்க. இல்லேன்னா அடுத்த மாசக் கடைசியில அஞ்சையும் எடுத்துட்டுப் போயிடுங்க. நாங்க பழையபடி கையத் தட்டியே பாத்துக்கறோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். பொறுங்க சார் தன் மேஜைக்குப் போய், ரேடியோவின் படம் இருக்கும் சட்டத்தை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்தார். அதில் தூசியே இல்லை. எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

கணக்கு எளிதானது. குழந்தையின் காதைக் கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் என் போர்டில் நினைவகம் சின்னது. அது நிறைந்துவிட்டால் கணினி வந்து அள்ளிக்கொண்டு போகும்வரை டிக் டிக்கை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். கணினி அள்ளும் வேகம் வேண்டியதில் ஆறில் ஒரு பங்குதான் இருந்தது. அதனால் ஒரு நிமிட வேலைக்கு ஆறு நிமிடம். தாமதம் என் போர்டிலா, அவர் டிரைவரிலா? அதுதான் கேள்வி.

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம், டிரைவரை எழுதிவிட்டுப் போர்டைப் பார்க்கிறீர்களா என்று மூன்று வாரம் அவரைத் துளைத்தெடுத்தேன். இத்தனைக்கும் அவர் போர்டைக் குறை சொல்லவே இல்லை. ஒயரை மாற்றிப் பார்த்தார். ஏழு ஒயர் மாற்றினார். வேறு கணினியில் செருகிப் பார்த்தார். எங்கே நேரம் போகிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு அடியையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி டிரைவரில் ஏற்பாடு செய்தார். எழுதி எழுதியே ஆறு நிமிடம் பத்தாகிவிட்டது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று நான் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டேன். அவர் பொறுங்க என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய தவறைக் கையும் களவுமாகப் பிடித்து எல்லார் முன்னாலும் வைப்பதென்று, ஒரு மத்தியானம் டிரைவரின் வரிகளைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். எனக்கும் கொஞ்சம் நிரல் தெரியும், கொஞ்சம்தான். அழகாக எழுதியிருந்தார் என்று வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். பாதி தூரம் போனதும், ஒவ்வொரு தடவை தகவல் வாங்கிய பிறகும் சற்று நேரம் சும்மா இரு என்று ஒரு வரி இருந்தது. பிடித்தேன்டா என்று துள்ளினேன். அதற்குப் பக்கத்தில் அவர் வழக்கப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

'போர்டு மேடம் சொன்னதால் போட்டது. புது போர்டு வந்ததும் அவர் சொல்வார். அப்போது எடுக்கவும்.'

தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. போர்டு மேடம் என்றால் நான்தான்.

என் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் ஞாபகம் வந்தது. முதன்முதல் செய்த போர்டில் நான் போட்ட நினைவக சிப் மட்டமானது. வேகமாக அள்ளினால் திணறும். நான்தான் அவரிடம் போய், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மூச்சு விடச் சொல்லுங்கள், இரண்டு மாதத்தில் புது போர்டு தருகிறேன் என்று கேட்டேன். நாலு மாதத்தில் தந்தும்விட்டேன். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். அந்த வாரம் அவர் மகளுக்குக் கருவி பொருத்துவதற்காக லீவில் இருந்தார். திரும்பி வந்தவரிடம் புது போர்டைக் கையில் கொடுத்தேனே தவிர, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது மறந்தே போயிற்று. அவருக்கு மறக்கவில்லை. நான் சொல்லவில்லை, அதனால் புது போர்டிலும் அந்தத் தொல்லை இருக்கிறது போலும் என்று இத்தனை வருஷமாகப் பொறுத்திருக்கிறார்.

அந்தக் கோப்பை என்னைத் தவிர வேறு யாரும் திறக்கப் போவதில்லை. மூடிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு காபி குடிக்கிற நேரம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகை எனக்கே படம் எடுத்துக் காட்டியது மாதிரி அந்த வரி திரையில் நின்றது. கடைசியில் எழுந்து போய் அவரிடம் சொன்னேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "ஆமா, நீங்க எடுக்கச் சொல்லவே இல்ல" என்றார். பிறகு, "நானும் ஒரு தடவ கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். தப்பு அவருடையதாக இருந்து நான் கண்டுபிடித்திருந்தால் மேஜைமேல் ஏறி ஆடியிருப்பேன். அந்த மனுஷனை என்ன சொல்வது?

வரியை எடுத்தோம். ஆறு நிமிடம் நாலு நிமிடமானது. நர்ஸ் கேட்டதோ ஒன்று. மீதி மூன்றுக்குக் காரணம் டிரைவரின் சுபாவம். எழுதியவரின் சுபாவம்தானே அதற்கும் வரும். குழாயடியில் ஒரு டம்ளரை வைத்து, நிறைந்ததும் வீட்டுக்குள் கொண்டுபோய் ஊற்றி, சிந்தவில்லையே என்று பார்த்து, பிறகு வந்து மறுபடி டம்ளரை வைப்பது போல் அது வேலை செய்தது. நடக்கிற நேரமெல்லாம் குழாய் வீணாக மூடிக் கிடக்கும். நாலு குடம் வைத்துக்கொண்டு ஒன்று நிறையும்போதே அடுத்ததைத் தயாராக நிறுத்தினால் தண்ணீர் நிற்கவே நிற்காது. இது அவருக்குத் தெரியாத வித்தை இல்லை. ஆனால் தயங்கினார். நாலு குடம் ஓடும்போது எது எப்போது வந்தது, எதில் எவ்வளவு இருந்தது என்று குழம்பினால் என்ன ஆகும் என்றார். நான் அலுத்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் ஒன்று சொன்னார்.

"மெதுவா இருந்தா குழந்த அழும், நமக்குத் தெரிஞ்சுடும். தப்பா இருந்தா யாரும் அழ மாட்டாங்க மேடம். அதுதான் எனக்கு பயமா இருக்கு."

புத்தியுள்ளவளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். எனக்கோ பழைய தவறுக்குப் பரிகாரம் செய்கிற வேகம். அவர் வீடு மாற்றுவதற்காக இரண்டு நாள் லீவு போட்டார். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. முதலாளியைச் சரிக்கட்டி, நாலு குடத்தையும் நானே எழுதிவிட்டேன். சனிக்கிழமை காலை எல்லாரையும் கூட்டி என் காதில் வைத்துக் காட்டினேன். ஐம்பது விநாடியில் பச்சை. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ரேடியோவை அவள் அம்மா கொண்டுவந்து விட்டிருந்தார். அவள் கருவிகளைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் கை தட்டத் தயாராக நின்றோம். ஐம்பது விநாடி ஆயிற்று. பச்சை வந்தது. 'பதில் உண்டு.'

அவள் திரையைப் படித்தாள். எங்கள் முகங்களைப் படித்தாள். வாசலில் அவள் அப்பா, வீட்டுச் சாமான் இறக்கிய அழுக்குச் சட்டையோடு, குடையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. அவள் ஒரு கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, நான் பாஸாயிட்டேன். மெஷின் நல்லா பொய் சொல்லுது."

அவள் சிரித்தாள், என்னால் சிரிக்க முடியவில்லை. இந்தப் பச்சை அந்த ஆஸ்பத்திரியில் வந்திருந்தால்? ஒரு தாய் நிம்மதியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். யாரும் அழுதிருக்க மாட்டார்கள். பொறுங்கள் என்று மூன்று வருஷம் ஊர் சொல்லிக்கொண்டிருக்கும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஆணுக்குச் சொல்லி வைத்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடுவேன் போல் இருந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. குடையை ஆணியில் மாட்டினார். "பொறுங்க, பாக்கலாம்" என்று உட்கார்ந்தார்.

என் தவறு அரை மணியில் தெரிந்துவிட்டது. சில சமயம் குடம் பாதி நிறைந்தபடியே திரும்பி வரும். நான் வருகிற குடமெல்லாம் நிறைகுடம் என்று எண்ணிவிட்டேன். மீதிப் பாதியில் முந்தைய ஆளின் தகவல் கழுவாமல் கிடந்தது. முந்தைய ஆள் நான். என் பாம்புச் செவியின் பதிலை ரேடியோவின் காது சொன்னதென்று கணினி நினைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நாங்கள் சண்டை போடாமல் வேலை செய்தோம். கம்பெனி வரலாற்றிலேயே அது முதல் தடவை என்று முதலாளி சொன்னார். நாலு குடத்தை அவரே புதிதாக எழுதினார். ஒவ்வொரு குடத்திலும் எவ்வளவு வந்தது என்று பார்த்து, அவ்வளவை மட்டும் எடுத்து, மீதியைத் துடைத்துவிட்டு அனுப்பினார். நான் என் பங்குக்குப் போர்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் போட்டேன். ஓர் எண் விட்டுப்போனாலும் பச்சையும் வராது, சிவப்பும் வராது, 'மறுபடி எடுக்கவும்' என்று வரும். பிறகு காதையெல்லாம் விட்டுவிட்டு, வெறுமனே ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி அனுப்பும்படி போர்டுக்குச் சொல்லி, நாலு நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடவிட்டோம். கோடிக்கணக்கான எண்கள் வந்தன. அவர் நடுவில் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். பக்கத்தில் பிரிண்டரை ஓடவிட்டார். நான் பழைய பகைக்கு மேஜைக் காலை இரண்டு உதை உதைத்தேன். விட்டுப்போனது பூஜ்யம் என்றே திரை சொல்லிக்கொண்டிருந்தது.

ஐம்பத்து நாலு விநாடி. என் காதில் பச்சை. ரேடியோவின் காதில் சிவப்பு. அன்று நாங்கள் தட்டிய தட்டில் சலவைக்கடைக்காரர் மேலே வந்து என்ன விசேஷம் என்று கேட்டு, அவரும் ஓர் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போனார்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பள்ளி விடுமுறை என்று ரேடியோவும் ஒட்டிக்கொண்டாள். நீளமான வார்டு, இரண்டு பக்கமும் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சக்கரம் வைத்த தொட்டில். பால் கொடுத்து முடித்த நேரம். நர்ஸ் எங்களை நம்பாத முகத்தோடு முதல் தொட்டிலுக்குப் போனார். இரண்டு காதும் முடிந்து அடுத்ததற்கு நகர்ந்தார். ஐந்து குழந்தைகள் பார்த்தாயிற்று, ஒன்றுகூட முழிக்கவில்லை. நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், பொறுங்க சாரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. தூங்குகிற குழந்தைகளை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஆறாவது பெண் குழந்தை. பிறந்து இரண்டு நாள். இடது காதில் சிவப்பு வந்தது. வலது காதிலும் சிவப்பு. நர்ஸ் முனையைத் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு, சிவப்பு. குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலில் இருந்த தாய் எழுந்து உட்கார்ந்தாள். சின்னப் பெண். நர்ஸைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள். "மெஷின் புதுசுன்னு சொன்னீங்களே. தப்பா இருக்கலாம் இல்லையா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல பொறுங்க சாருக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கே நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் குனிந்து திரையின் மூலையைப் பார்த்தார். விட்டுப்போனது பூஜ்யம். "மெஷின் சரியா இருக்கும்மா. ஒண்ணுகூட விட்டுப்போகல" என்றார்.

நர்ஸ் பக்குவமாக எடுத்துச் சொன்னார். பிறந்த குழந்தையின் காதில் நீர் இருந்தாலும் இப்படி வரலாம், இதை வைத்து முடிவு சொல்ல முடியாது, கீழ்த் தளத்தில் பெரிய பரிசோதனை இருக்கிறது, அதில்தான் உறுதியாகத் தெரியும். அந்தத் தாயின் காதில் ஏதும் ஏறவில்லை. கண்ணீர் கொட்டியது. துணைக்கு இருந்த அவளுடைய அக்கா, எதற்கு அவசரம், ஒரு ஆறு மாதம் போகட்டுமே, எல்லாம் தானாகச் சரியாகும் என்று சமாதானம் சொன்னாள்.

ரேடியோ என் பக்கத்திலிருந்து எப்போது நழுவினாள் என்று பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் போய் நின்று, முடியை ஒதுக்கி இரண்டு ஊதாக் கருவியையும் காட்டினாள். "அக்கா, எனக்கும் இதே சிவப்புதான் வரும். எனக்கு மூணு வயசுலதான் கண்டுபிடிச்சாங்க, அதனாலதான் நான் இவ்வளவு கம்மியா பேசறேன். உங்க பாப்பாவுக்கு ரெண்டே நாள்ல பாத்தாச்சு. அப்படியே ஏதாவது இருந்தாலும் அது என்னைவிட நிறைய பேசும், பாருங்க" என்றாள். பிறகு தன் பள்ளி, தன் பாட்டு டீச்சர், தான் வாங்கிய மதிப்பெண் என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. அந்தப் பெண் கண்ணீரோடு சிரித்துவிட்டாள். இது கம்மியா என்று கேட்டாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். அழுதேன் என்று எழுதினாலும் தப்பில்லை.

அந்தத் தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொறுங்க சாரிடம் திரும்பினாள். "அப்ப ஆறு மாசம் பொறுத்துப் பாக்கலாமா சார், இல்ல இப்பவே போகணுமா?"

"பொறுக்காதீங்கம்மா" என்றார் அவர். "ஒரு நாள்கூட பொறுக்காதீங்க. இப்பவே போலாம், வாங்க."

ஒன்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், நர்ஸ் சக்கர நாற்காலியை இழுத்தார். வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தின் கடைசியில் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்த அவர் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. குடையை என் கையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.